இழைக்காத புஷ்

இன்ஸ்பெக்டர் ராமபத்ரன் சார் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கொஞ்சம் நனைந்திருந்தது. எர்ணாகுளத்திலிருந்து படகில் கொண்டுவந்த கான்ஸ்டபிள் அதை இடுப்பில் செருகியிருந்தார் போலிருக்கிறது. அவரை உட்காரச் சொல்லி ஒரு சாயா வாங்கிக் கொடுத்தேன். எழுத்து அழியவில்லை, கவலைப்பட வேண்டாம்.

எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. நீங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் வாசிப்பீர்கள் என்று கான்ஸ்டபிள் சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன். நீங்கள் கேட்டவை மூன்று. இறந்துபோன ஷௌகத் அலி ராவுத்தரின் பிஸ்டலில் அதோடு வந்த பழைய புஷ்ஷை எடுத்துவிட்டு வெளியில் செய்த புஷ் போட்டதால் குறி கூடியதா? போட்ட பிறகு அது நம்பிச் சுடத்தக்கதாக இருந்ததா? ராவுத்தர் வாங்கிய தோட்டாக்களில் பதினொன்று எங்கே போயின என்று தெரியவில்லையே, அது எனக்குத் தெரியுமா? மூன்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. கடிதத்தோடு மதராஸ் நிபுணர் எழுதிய குறிப்பின் நகலையும் வைத்திருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் பெயர் முப்பிடாதி. ஊர் சங்கரன்கோயில் பக்கம். மட்டாஞ்சேரிக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. படகுத்துறைக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் போட்டு எஞ்சினுக்கு, தண்டைச் சுற்றிப் பிடிக்கிற வளையமான புஷ் கடைந்து கொடுப்பதுதான் முக்கியமான வேலை. மலைத் தோட்டத்து துரைமார் ஊருக்குப் போகும்வரை அவர்களுடைய துப்பாக்கிகளும் என்னிடம்தான் வரும். இந்தக் கரையில் துப்பாக்கியைப் பிரித்து மாட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, உங்களுக்கும் அது தெரியும், தெரிந்துதானே எழுதியிருக்கிறீர்கள்.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புஷ்ஷையும் முதல் தடவை கொஞ்சம் இறுக்கமாகவே கொடுப்பேன். கொடுக்கும்போது, “ஓட்டிட்டுக் கொண்டாங்க, இழைச்சுத் தர்றேன்” என்று ஒரு வாக்கியம் சொல்வேன். பத்து மணி நேரம் ஓடினால் எந்த இடத்தில் உரசுகிறது என்பது பளபளப்பாகத் தெரிந்துவிடும். அந்த இடத்தை மட்டும் இழைத்துக் கொடுத்தால் பிறகு வருஷக்கணக்கில் தொல்லை இல்லை. கடைத்தெருவில் எல்லோருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம். படகுக்காரர்கள் என் குரலிலேயே சொல்லிச் சிரிப்பார்கள். நான் அதைச் சொல்லாமல் பொருளை நீட்டினால் வேலை முழுசாக முடிந்தது, இனி கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று அர்த்தம். எந்தப் படகுக்காரனும் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டதில்லை.

இனி பிஸ்டல். யுத்த காலத்தில் அமெரிக்கப் பட்டாளம் கொண்டுவந்த மாதிரி. ராவுத்தருக்கு லைசன்ஸ் இருந்தது. அதில் குழல் தனி, மேலே ஓடுகிற சட்டம் தனி. ஒரு தடவை சுட்டால் சட்டம் பின்னால் போய், காலித் தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு, அடுத்ததைக் கவ்விக்கொண்டு முன்னால் வந்து முழுசாக அடைய வேண்டும். ஒரு நெல் அளவு அடையாமல் நின்றாலும் விசையை இழுத்துப் பயன் இல்லை. குழலின் வாய்ப்பக்கத்தில், குழலையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்க ஒரு மோதிரம் இருக்கிறது. அதுதான் புஷ். பட்டாளத்துப் பிஸ்டலில் அது லூஸாகவே இருக்கும். கையில் எடுத்து ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம் கேட்கும். சேற்றில் விழுந்தாலும் மணல் புகுந்தாலும் சுட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே விட்ட இடம் அது.

ராவுத்தருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு இருந்த பயம் அப்படி. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருடைய சுக்குக் கிட்டங்கியில் காவல் இருந்த வீரபாண்டி, மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரன் ஒருவனைக் குத்திவிட்டான். ராவுத்தர் கோர்ட்டில் கண்டதைக் கண்டபடி சொன்னார். வீரபாண்டி கூண்டில் நின்றபடியே, “வெளிய வந்ததும் மொதல்ல உங்களத்தான் வந்து பாப்பேன் மொதலாளி” என்று சொன்னான். இந்த வருஷம் ஓணம் முடிந்ததும் விடுதலை என்று ஊருக்கே தெரியும். ராவுத்தர் கை நடுங்காமல் மிளகு நிறுப்பார். ஆனால் ஓணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

சித்திரையில் ஒருநாள் பிஸ்டலைக் கொண்டுவந்து என் முன்னால் ஆட்டிக் காட்டினார்.

“எந்தா மேஸ்திரி இது? இதுக்கு வேற புஷ் போடணும்.”

“ஆடறது நல்லது, ராவுத்தரே. ஆடினாத்தான் ஓடும். இறுக்கினா குறி கூடும், ஆனா சமயத்துல சிக்கும். உங்களுக்கு என்ன, பந்தயத்துக்கா சுடப் போறீங்க?”

அவர் கேட்டுக்கொண்டு போய்விட்டார். பம்பாய்க் கடை ஒன்றுக்கு எழுதிப் போட்டு, வெளிநாட்டில் செய்த புஷ் ஒன்றை வரவழைத்தார். எர்ணாகுளத்தில் சுடப் பழகும் இடத்தில் பழைய புஷ்ஷில் ஐந்து, புதிய புஷ்ஷில் ஐந்து சுட்டுப் பார்த்தார். முன்னது சோற்றுத்தட்டு அகலத்துக்கு இறைந்திருந்தது. பின்னது சாஸர் அகலத்துக்குள் அடங்கிவிட்டது. ஒரு தடவைகூட சிக்கவில்லை. அந்த இரண்டு காகிதத்தையும் ஜூ டவுன் என்கிற யூதத் தெரு முக்குச் சாயாக்கடைச் சுவரில் ஒட்டினார். நான் உள்ளே நுழையும்போது கடை நிறைய ஆள்.

“நம்ம மேஸ்திரி எனக்கு ஒரு கிலுகிலுப்பைய கையில கொடுத்து, வீரபாண்டி வந்தா ஆட்டிக் காட்டுங்கன்னாரு” என்றார் ராவுத்தர். “பம்பாய்க்காரன் படிச்சவன், மேஸ்திரி. போட்டுக்கு புஷ் அடிக்கிறது வேற, இது வேற. மனசிலாயோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராவுத்தர் கெட்டவர் இல்லை, பயந்த மனுஷன்; பயந்தவர்களுக்கு இப்படிப் பேசினால் கொஞ்சம் தைரியம் வரும். அன்றிலிருந்து எனக்குக் கிலுகிலுப்பை மேஸ்திரி என்று பெயர். சுமட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள், படகுக்காரர்கள் கூப்பிட்டார்கள். படகுத்துறையில் மீன் விற்கிறவளும் கூப்பிட்டாள். ஒருநாள் என் மனைவி அங்கம்மாள் சோறு போடும்போது அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் இல்லை. ஒரு பெயர்தானே. நான்கு மாதம் அந்தச் சாயாக்கடைக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

ஆடியில் ராவுத்தர் திரும்பவும் வந்தார். சாஸர் அகலம் போதவில்லை அவருக்கு. பம்பாய்ப் புஷ்ஷைவிட இறுக்கமாக ஒன்று கடைந்து தரச் சொன்னார். கடைந்து கொடுத்தேன். கொடுக்கும்போது என் வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு பெட்டித் தோட்டா சுட்டுவிட்டு வந்து காகிதத்தைக் காட்டினார். ஐந்து ஓட்டையையும் டம்ளர் வாயால் மூடிவிடலாம். அதாவது உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: கூடியது சார். நன்றாகவே கூடியது.

ஆனால் அந்தப் பெட்டியில் மூன்று தடவை, ஐந்தாவது ஆறாவது தோட்டாவில், சட்டம் முழுசாக அடையாமல் நின்றுவிட்டது. அதைச் சொல்லும்போது ராவுத்தரின் முகம் வெளுத்திருந்தது.

“நீர் சொன்னதுதான் சரி, மேஸ்திரி. ஆடினாத்தான் ஓடும். நான்தான் கேக்கல.”

அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன்: “இத ஒரு தடவ சாயாக்கடையில வந்து சொல்லுவீங்களா, ராவுத்தரே?”

அவர் என் தோளில் தட்டினார். “அது ஒரு தமாஷல்லே மேஸ்திரி. அதெல்லாம் எதுக்கு இப்போ? இத இழைச்சுக் கொடுங்க. ஓணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு.”

பிஸ்டலையும் சோதித்துப் பார்க்கக் கொஞ்சம் தோட்டாவையும் வைத்துவிட்டுப் போனார்.

இழைக்க அரை மணி நேரம் போதும். உரசின இடம் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது, இடது பக்கம், மேலே. அங்கே ஒரு முடி கனம் எடுத்திருந்தால் குறியும் கெட்டிருக்காது, ஓட்டமும் நின்றிருக்காது. அளவறிந்து பொருத்தினால் வெளிப் புஷ்ஷில் இரண்டும் கிடைக்கும். நான் முதலில் ராவுத்தரிடம் அடித்துச் சொன்னது முழுக்கச் சரி இல்லை. இதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். சாயாக்கடையில் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்தப் புஷ்ஷை நான் இழைக்கவில்லை. எடுத்து டப்பாவில் போட்டேன். பழைய கப்பல் தண்டிலிருந்து நல்ல இரும்பாக ஒரு துண்டு வெட்டி, புதிதாக இன்னொன்று கடைந்தேன். இரண்டு நாள் பிடித்தது. முன்னதைவிட இறுக்கம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பளபளப்புகூட அதே இடத்தில் ஏற்றினேன்.

இடையில் ஒருநாள் ராவுத்தரின் மனைவி ஹாஜரா பட்டறைக்கு வந்தார். பாலக்காட்டில் பிறந்த வீட்டுக்குப் போகிற வழியில், ரிக்‌ஷாவை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் படியிலேயே நின்றார். ராவுத்தர் சாப்பிடுவதில்லை, கிட்டங்கிக் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னார். பிறகு கேட்டார்: “அண்ணே, சமயத்துக்கு வெடிக்கும்ல?”

“மொத குண்டு கண்டிப்பா வெடிக்கும், தங்கச்சி” என்றேன்.

அது உண்மை. முதல் தோட்டாவை ஏற்றும்போது சட்டத்தைக் கையாலேயே தள்ளி அடைத்துவிடலாம். இந்த விஷயத்தில் நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை சார். இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓணத்துக்கு ஆறு நாள் முன்னால் ராவுத்தர் வந்தார். சுத்தமாகத் துடைத்து, எண்ணெய் போட்டு, அவர் கையில் வைத்தேன். அவர் வாங்கிக்கொண்டு உடனே நகரவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாக்கியத்துக்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் கைத்துணியை உதறி மடித்து வைத்தேன். ராவுத்தரின் முகம் தெளிந்தது. நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவர் நிம்மதியாக மூச்சு விட்டதைப் பார்த்தேன். “அப்போ முடிஞ்சு” என்றார். இன்னொரு பெட்டி சுட்டுப் பார்க்க அவர் போகவில்லை. நான்தான் முடித்துவிட்டேனே.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் காகிதத்திலேயே இருக்கிறது. வீரபாண்டி வெளியே வந்து ஒன்றரை மாதம் பேசாமல் திரிந்தான். துலா மாதத்து, அதாவது நம் ஐப்பசி, வியாழக்கிழமை ஒன்றில், பகல் பதினொரு மணிக்கு, சாக்கு இழுக்கிற கொக்கியோடு கிட்டங்கிப் படகுத்துறைக்கு வந்தான். ராவுத்தர் பிஸ்டலை எடுத்தார். பத்தடி தூரம். முதல் குண்டை அவன் மேல் விடவில்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்த, படகு கட்டுகிற மரக்குற்றியில் விட்டார். “போயிடு வீரபாண்டி” என்று சொன்னதாகச் சுமட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். அவன் போகவில்லை. ராவுத்தர் இரண்டாவது தடவை விசையை இழுத்தார். சட்டம் அடையவில்லை. அவர் அதை உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே இருந்தாராம், கொக்கி கழுத்தில் இறங்கும் வரைக்கும்.

மறுநாள் நான் போய் அந்தக் குற்றியைப் பார்த்தேன். ஓட்டை நட்ட நடுவில் இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், கொஞ்சமும் சாயவில்லை. அவர் அதை அவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பார் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்தால் எனக்குத் தூக்கம் வரும்.

இனி மதராஸ் நிபுணரின் குறிப்பு. கான்ஸ்டபிள் அதைப் படித்து அர்த்தம் சொன்னார். “உள்ளூர் லேத் தொழிலாளி அளவு தெரியாமல் கடைந்த புஷ். கைத்தவறு. கெட்ட நோக்கம் ஏதும் தெரியவில்லை.” ஹாஜராவின் வாக்குமூலத்திலிருந்தும் நீங்கள் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள்: “மேஸ்திரி அண்ணன் மேல தப்பு இல்ல. அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு நல்ல மனசோட செஞ்சு கொடுத்தாரு.” இதன்மேல் நான் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பினால் என்னைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது என்று உங்கள் கடிதம் சொல்கிறது. மரியாதையாக எழுதியிருக்கிறீர்கள். சாயாக்கடையில் இப்போதே பேச்சு வந்துவிட்டது. கிலுகிலுப்பை மேஸ்திரிக்கு அளவு தெரியாது, பாவம் ராவுத்தர் போய்ச் சேர்ந்தார் என்கிறார்கள்.

மூன்று நாள் யோசித்தேன். கையெழுத்துப் போட முடியவில்லை சார்.

ஹாஜரா வந்த நாளை நான் மேலே சரியாக எழுதவில்லை. புதுப் புஷ் கடைய ஆரம்பித்த பிறகு அவர் வந்ததுபோல எழுதிவிட்டேன். அவர் வந்தது திங்கட்கிழமை. இரும்பு வெட்டியது செவ்வாய்க்கிழமை. அதுவரை ராவுத்தரின் புஷ் என் மேஜைமேல்தான் இருந்தது, இழைப்பதற்கு எமரிப் பொடியும் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தேன். அவர் பேசியதையும் பாதிதான் எழுதினேன். முதல் குண்டு வெடிக்கும் என்று நான் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார்.

“மொத குண்டு இல்லண்ணே. மொத குண்ட மனுஷன் மேல விடமாட்டேன்னு அல்லா மேல ஆணை வெச்சிருக்காங்க. எச்சரிக்கத்தான் அது. ரெண்டாவதுதான் எனக்கு வேணும். ரெண்டாவது வெடிக்கணும்.”

“ரெண்டாவத நான் பாத்துக்கறேன், தங்கச்சி” என்றேன்.

அதுவும் பொய் இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் ஒரே பதில்தான். பட்டறைக்குப் பின்னால், காயல் பக்கம், பழைய படகுக் கட்டை ஒன்று பாதி புதைந்து கிடக்கிறது. பகலில் போட்டு எஞ்சினை ஓடவிட்டால் வேறு எந்தச் சத்தமும் வெளியே கேட்காது. புதுப் புஷ்ஷை மாட்டி, துடைத்து, எண்ணெய் போட்டு, இரண்டு தோட்டா நிரப்பிச் சுட்டேன். முதலாவது வெடித்தது. இரண்டாவது பாதியில் நின்றது. நின்ற தோட்டாவை எடுத்து மறுபடி நிரப்பி, மறுபடி துடைத்து, மறுபடி சுட்டேன். கான்ஸ்டபிளை அனுப்பினால் கட்டையைக் காட்டுகிறேன். பதினொரு குண்டும் அதில்தான் இருக்கின்றன, ஒரு டம்ளர் வாய்க்குள். நான் முதலில் கடைந்த, இழைக்காத புஷ்ஷும் டப்பாவில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்லி மதராஸ்காரருக்கு அனுப்புங்கள்.

அந்தக் குறிப்பில் கைத்தவறு என்ற சொல்லை மட்டும் அடித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதினொரு தடவை சுட்டேன், பதினொரு தடவையும் இரண்டாவது தோட்டாவில்தான் நின்றது. கைத்தவறாக இருந்தால் ஒரு தடவையாவது வெடித்திருக்கும் சார்.